வயர் பிடிக்கிற ஆள்

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா? இந்தப் பெட்டியைக் கீழ வச்சுக்கிறேன். வேணாம், மடியிலயே இருக்கட்டும். கீழ வச்சா பிரேக் போடுறப்ப உருண்டு முன்னாடி போயிடும், உள்ள மெஷின் இருக்கு. நீங்களும் ஏர்போர்ட்லதானே ஏறுனீங்க? உங்க பெட்டியில கயிறு கட்டியிருக்கிற கட்டைப் பார்த்தே நினைச்சேன், அங்க இருந்துதான் வர்றாருன்னு. மஸ்கட்டா. சரி, சரி. நான் எங்கயும் போய் வரலீங்க. என் மச்சினன் எட்வின் சார்ஜாவுல இருக்கான். அவன்கூட வேலை பார்க்கிறவர் இன்னைக்கு ஊருக்கு வந்தார். அவர் கையில குடுத்துவிட்ட பெட்டியை வாங்கத்தான் விடியக்காலைல இருந்து காத்துக் கெடந்தேன். பேட்டரியை லக்கேஜ்ல போட விடமாட்டாங்க, கைப்பையில வச்சுத்தான் கொண்டு வரணும், தெரியும்ல? அந்த மனுஷனை நிறுத்தி இது என்ன, இது எதுக்குன்னு கேட்டுட்டாங்களாம். என்னைப் பார்த்ததும் முதல்ல அதைத்தான் சொன்னார். சௌக்கியமான்னுகூடக் கேக்கல.

நீங்க அங்க மெஷின் ஏதும் வாங்குனீங்களா? டிரில்லு, ஹேமர், அந்த மாதிரி? வாங்கலையா. இனிமே வாங்குறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பேட்டரி மெஷினைப் பத்தி இந்தத் திருச்சியில என்னைவிட அதிகமா விசாரிச்சவன் எவனும் கிடையாது.

என் பேரு இன்னாசிமுத்து. பாலக்கரை. ஜன்னலுக்கு ஸ்கிரீன் ராடு மாட்டுறது, கொசுவலைக் கதவு போடுறது, பால்கனியில துணி காயப்போட ஒரு கம்பி இருக்குல்ல, கயிறை இழுத்தா ஏறும் இறங்கும், அது மாட்டுறது. எல்லாம் ஃபிளாட்டு வேலைதான். ஒம்போது வருஷமா கரண்ட் மெஷின்தான் ஓட்டுறேன். நல்ல மெஷின், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த வயர் இருக்கே. ஜன்னல் ஒரு மூலையில இருக்கும், பிளக் பாயிண்ட் ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கும். ஹாலைத் தாண்டி, சோபாவுக்கு அடியில விட்டு இழுத்துட்டு வரணும். வயர் மேல குழந்தை நடக்கும், நாய் கடிக்கும். தில்லை நகர்ல ஒரு வீட்ல வயரை இழுத்த இழுப்புல மீன் தொட்டி ஸ்டாண்டோட ஆடிருச்சு. ஆடுனதோட நின்னுருச்சு, ஆனா அந்த வீட்டம்மா அழுதுட்டாங்க.

அதனால வயர் பிடிக்க ஒரு ஆள் வேணும். தனியா ஆள் போட்டா கட்டுபடி ஆகுமா? என் வீட்டுக்காரி பிலோமினாவைக் கூட்டிட்டுப் போவேன். கல்யாணமான மறு வருஷத்துல இருந்தே. கஷ்டமான வேலை ஒண்ணும் இல்ல தம்பி. வயரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நான் ஓட்டை போடுறப்ப பாதியா வெட்டுன ரப்பர் பந்தைச் செவுத்தோட வச்சுத் தூசி பிடிக்கணும், அது அவளே கண்டுபிடிச்சது. கடைசில பெருக்கணும். வீட்டம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். அவ்வளவுதான். மத்த வேலை எல்லாம் நான்தான்.

இந்தப் பேட்டரி மெஷின் ஆசை எனக்கு வந்தது தவக்காலத்துல. ஒரு ஃபிளாட்ல கேமரா மாட்ட ஒருத்தன் வந்தான். இடுப்புல இருந்து மெஷினை எடுத்தான், ரெண்டு ஓட்டை போட்டான், திரும்ப இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டான். வயர் இல்ல, கூட ஆள் இல்ல. நான் ஸ்டூல் மேல நின்னுக்கிட்டுப் பார்க்கிறேன். கீழ இவ வயரை இழுக்கிறா. இவ இழுத்துக்கிட்டே இருப்பா தம்பி, அது ஒரு பழக்கம் அவளுக்கு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

இங்க கடையில வாங்கலாம், வாங்கக்கூடாதுன்னு இல்ல. ஆனா அங்க வர்ற மாடல் வேற, இங்க வர்ற மாடல் வேற. அதுபோக எட்வின் அங்க இருக்கான், எதுக்கு இருக்கான்? அவனை லீவு நாள்ல கடைக்கு அனுப்புவேன். மஞ்சள் கலர் ஒரு கம்பெனி, நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. எங்க தொழில்ல பேர் சொல்ல மாட்டோம், கலர்தான். ஒரு கலர்ல விழுந்துட்டீங்கன்னா அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கலர்தான். ஏன்னா இதோட பேட்டரி அதுல சேராது. பொண்ணு பார்க்கிறப்பகூட நான் இவ்வளவு யோசிக்கல, சத்தியமா. பன்னெண்டு வோல்ட்டா, பதினெட்டு வோல்ட்டா? ரெண்டு ஆம்பியரா, நாலா? உள்ள கார்பன் இருக்கா, இல்லாத மாடலா? சும்மா சுத்துறதா, சுத்திக்கிட்டே குத்துறதா? அட்டையில பொடி எழுத்துல ‘பாடி மட்டும்’னு போட்டிருப்பான் தம்பி, அதுல பேட்டரியும் வராது சார்ஜரும் வராது, வெறும் கூடு. எட்வின் ஒருதடவை அதை வாங்கப் பார்த்தான். நான் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்துக் கண்டுபிடிச்சேன். பில்லு போடுற இடத்துல நிக்கிறான், போன் பண்ணி நிறுத்துனேன்.

சாப்பிடுறப்ப வீடியோ, பஸ்ல வீடியோ, பூசையில பிரசங்கம் நடக்கிறப்ப சத்தமில்லாம வீடியோ. ஒரு வீடியோவுல நீலம் நல்லாருக்குன்னு சொல்லுவான், அடுத்த வீடியோவுல மஞ்சள் முன்னாடி நீலம் நிக்காதும்பான். எனக்கு வேலையில கை ஓடல. எட்வின் ஒருநாள் கடுப்பாயிட்டான். "மச்சான், நான் இங்க பொழைக்க வந்திருக்கேன். அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்தாலே உள்ள போயிடுறான்"னான். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்.

பிலோமி இதுல எதுலயும் தலையிட மாட்டா. ஒரே ஒரு நாள் போனை வாங்கி, "எடை எவ்வளவுடா எட்வின்?"னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எடை கேக்குறதுக்கு இது என்ன நெத்திலியா? அவன் ஏதோ சொன்னான், இவ, "அப்ப சின்னதே போதும்"னா. பேசட்டும்னு விட்டுட்டேன்.

வேளாங்கண்ணிக் கொடி ஏறுன வாரத்துல மெஷின் வந்துச்சு. திறந்து பார்த்தா பன்னெண்டு வோல்ட்டு. நான் கேட்டது பதினெட்டு, பெருசு, ஜன்னலுக்கு மேல இருக்கிற கான்கிரீட்டு லிண்டலையே துளைக்கிறது. வந்தது ஒத்தைக் கையில தூக்கலாம். எட்வினுக்குப் போன் போட்டா, "அக்கா சொன்னதுதானே மச்சான்"ங்கிறான். நாலு நாள் எனக்குத் தூக்கமில்ல. சரி, வயர் ஒழிஞ்சுது, அது போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அன்னைக்கே பிலோமிகிட்ட, "இனிமே நீ வரவேண்டாம். ஒம்போது வருஷம் நின்ன கால்வலி போதும், வீட்ல நிம்மதியா இரு"ன்னு சொன்னேன். நல்ல வார்த்தைதானே அது? எந்தப் புருஷன் சொல்லுவான்? அவ அந்த ரப்பர் பந்தைக் கழுவி வெயில்ல வச்சா.

நான் தனியா கிளம்புனேன். பையில மெஷின், கையில மடக்கு ஸ்டூல், அவ்வளவுதான். முதல் நாள் கே.கே. நகர்ல ஒரு ஃபிளாட்டு. கதவைத் திறந்த அம்மா எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தாங்க. "அக்கா வரலையா?"ன்னாங்க. வரல, இப்ப வயர் இல்லாத மெஷின், ஆள் தேவையில்லன்னு பெருமையா சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை வாங்களேன், சார் இருப்பார்"னு கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டாவது வீட்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்கன்னாங்க. மூணாவது வீட்ல கிரில்லைத் திறக்கவே இல்ல. என்ன ஜனம் பாருங்க. ஒம்போது வருஷமா தெரிஞ்ச முகம். காசு குடுத்து வாங்குன மெஷின் பையில இருக்கு, பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை வாங்கன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை நான் பூசைக்குப் போகவேணாமா?

கிடைச்ச ஒண்ணு ரெண்டு வீடும் சரியா அமையல. வயலூர் ரோட்டுல ஒரு பெரியவர் வீடு. ரெண்டு ஓட்டைதான் போடணும். முதல் ஓட்டை நல்லா போச்சு, ரெண்டாவதுல செவுத்துல இருந்து தண்ணி என் மூஞ்சிலயே அடிக்குது. அந்தச் செவுத்துக்குப் பின்னாடி பாத்ரூம் இருந்திருக்கு. பைப்பு போகுது. எனக்கு எப்படித் தெரியும்? பிலோமி எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல பாத்ரூமுக்குள்ள ஒருதடவை போயிட்டு வருவா. நான் அதை ஏதோ பொம்பளைங்க பழக்கம்னு நினைச்சிருந்தேன். இப்ப கேட்டா, குழாய் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்கத்தான் போவேங்கிறா. ஒம்போது வருஷத்துல ஒருதடவையாவது சொல்லக்கூடாதா?

இன்னொரு வீடு, டாக்டர் வீடு. ராடு மாட்டி ஸ்கிரீனைத் தொங்கவிட்டா ஒரு பக்கம் தரையைக் கூட்டுது, ஒரு பக்கம் ஒரு சாண் தூக்கி நிக்குது. ரசமட்டம் வச்சுப் பார்த்துத்தான் போட்டேன். மெஷின் ஓடுறப்ப கை சாயும்ல? முன்னாடியெல்லாம் அப்படி ஆனது கிடையாது. வீட்ல வந்து யோசிச்சப்பதான் பிடிபட்டுச்சு. மெஷின் ஓடுற சத்தத்துல அவ கத்துனா எனக்குக் கேக்காது. அதனால வயரை இழுப்பா. ஒரு இழுப்பு இழுத்தா கை சாயுதுன்னு அர்த்தம், நான் நிமித்திக்குவேன். ரெண்டு இழுப்புன்னா நிறுத்து. இதை நாங்க பேசி வச்சுக்கலை தம்பி, அதுவா பழகிருச்சு. கை நிமிரும், ஏன் நிமிர்ந்துச்சுன்னு எனக்கே தெரியாது. நான் என் கைதான் அவ்வளவு சுத்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இதை அவகிட்ட ஒத்துக்க முடியுமா? மெஷின் புதுசு, பழகணும்னு சொல்லி வச்சேன். சொல்லிட்டு எட்வினுக்குப் போன் போட்டு, சின்ன மெஷினா இருக்கிறதாலதான் கை ஆடுது, பதினெட்டு வோல்ட்டு பெருசு ஒண்ணு வேணும்னு ஆரம்பிச்சேன். மறுபடியும் வீடியோ. மறுபடியும் மஞ்சளா நீலமா. ஆனா சின்னது எந்தக் கலரோ பெருசும் அந்தக் கலர்லதான் வாங்கணும், அதான் சொன்னேனே, பேட்டரி சேராது. அதனால இந்தத் தடவை கலர்ல குழப்பமில்ல.

நடுவுல என்ன ஆச்சுன்னா, கஸ்டமர் எல்லாம் பிலோமி நம்பருக்கு அடிக்கிறாங்க. என் நம்பர் கார்டுல இருக்கு, அச்சடிச்சது, கொட்டை எழுத்து. அவங்க வச்சிருக்கிறது அவ நம்பர். நம்பருக்குப் பக்கத்துல ஒருத்தர் "ஸ்கிரீன் அக்கா"ன்னு போட்டு வச்சிருக்காங்களாம், சொல்லிச் சிரிக்கிறா. ஒருநாள் நான் வெளிய போயிருந்தேன், டீ குடிக்க. அந்த நேரம் ஒரு அம்மா கூப்பிட்டிருக்காங்க, அவசரம், பொண்ணு பார்க்க வர்றாங்க, ஹால் ஸ்கிரீன் விழுந்துருச்சுன்னு. இவ எதிர்வீட்டு செல்வராணியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு, மெஷினை எடுத்துட்டுப் போயிட்டா. நான் டீ குடிச்சுட்டு வர்றேன், வீடு பூட்டியிருக்கு. ஒண்ணரை மணி நேரத்துல ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு வர்றாங்க. ராடு மாட்டிட்டு வந்துட்டாங்களாம்.

நான் திட்டல. ஆம்பளைக்குக் கோபம் வரும்ல, வந்துச்சு, ஆனா திட்டல. "மட்டமா இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டேன். "ராணி கீழ இருந்து பார்த்துச் சொன்னா"ன்னா. "சத்தத்துல எப்படிக் கேட்டுச்சு?"ன்னேன். "என் காலைத் தட்டுனா"ங்கிறா. காலைத் தட்டுறதாம்.

அடுத்த வாரம் மூணு வீடு. அதுக்கடுத்த வாரம் நான் கணக்கு வச்சுக்கலை. காலையில எந்திரிச்சா மெஷின் சார்ஜர்ல இருக்காது, அவ பையில இருக்கும். ரெண்டு பொம்பளைங்க வந்தா கதவைத் தாராளமா திறந்து விடுறாங்க, காப்பி குடுக்கிறாங்க, பக்கத்து ஃபிளாட்டுக்கும் சொல்லி விடுறாங்க. நான் வீட்ல கரண்ட் மெஷினை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கரண்ட் மெஷின் நல்லாத்தான் ஓடும். வயர் பிடிக்கத்தான் ஆளில்ல. ஒருநாள் நானே ஒரு இடத்துக்கு அதைத் தூக்கிட்டுப் போனேன், வயர் ஸ்டூல் காலைச் சுத்தி, இந்த முழங்கையில பாருங்க, இன்னும் காயம் ஆறல.

இந்தப் பெட்டியா? சொல்றேன். என் பெரிய மெஷின்னு நினைச்சுத்தான் இன்னைக்கு ஓடி வந்தேன். அந்த மனுஷன் கையில குடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. லேசா இருக்கு. அங்கயே பெஞ்சுல வச்சுப் பிரிச்சேன். அதே கலர், அதே பன்னெண்டு வோல்ட்டு, முதல்ல வந்ததுக்கு ரெட்டைப் பொறப்பு. அட்டையில பாருங்க, எட்வின் கையெழுத்து, ‘ராணி அக்காவுக்கு’ன்னு எழுதியிருக்கான். எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. உடனே போன் போட்டேன். "என்னுது எங்கடா?"ன்னேன். "மச்சான், உங்களுக்குத்தான் கரண்ட் மெஷின் இருக்கே, அக்காதான் அதுவே போதும்னுச்சு"ங்கிறான்.

ஆறு மாசம் விசாரிச்சவன் நான். எடை மட்டும் கேட்டவ அவ.

கோபம்தான். இல்லன்னு சொல்லல. ஆனா நேத்து ஒண்ணு நடந்துச்சு, அதுல இருந்து கோபம் சரியா நிக்க மாட்டேங்குது, அதான் உங்ககிட்டப் புலம்பிக்கிட்டு வர்றேன். நேத்து பதினொரு மணிக்கு பிலோமி போன் பண்ணுனா. அவளும் ராணியும் உறையூர்ல ஒரு வீட்ல இருக்காங்க. ஜன்னலுக்கு மேல லிண்டல், சுத்தக் கான்கிரீட்டு, சின்ன மெஷின் உள்ள போகமாட்டேங்குது. "ஏங்க, கரண்ட் மெஷினை எடுத்துட்டு வர்றீங்களா?"ன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பெருசுதான் வேணும், பெருசுதான் வேணும்னு. சட்டையை மாத்திக்கிட்டு, டவுன் பஸ்ஸுக்குக்கூட நிக்கல, ஆட்டோவுல போனேன்.

போனதும் அவதான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து மாட்டுனா, வயரைக் கையில எடுத்தா. நான் ஸ்டூல்ல ஏறி ஓட்டை போட்டேன். நாலு ஓட்டை. மூணாவதுல ஒரு இழுப்பு இழுத்தா, கை நிமிந்துச்சு. தம்பி, அந்த ஒரு இழுப்புல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தூசின்னு தொடைச்சுக்கிட்டேன். ஒரு மாசத்துல நேத்துதான் எனக்கு மனசு நிலையா நின்னுச்சு.

அப்பத்தான் அந்த வீட்டுப் பெரியம்மா பூசை ரூம்ல இருந்து வந்தாங்க. ஸ்டூல் மேல நான் நிக்கிறதைப் பார்த்துட்டு, "இவர் யாரும்மா, புதுசா இருக்காரு?"ன்னாங்க.

பிலோமி, "சும்மா, கூட வந்திருக்கார்மா"ன்னா.

குத்திக்காட்டச் சொன்னாளான்னு நான் கீழ அவ முகத்தைப் பார்த்தேன். இல்லீங்க. சத்தியமா இல்ல. அவ சின்ன மெஷின்ல துளை போடுற பிட்டைக் கழட்டிக்கிட்டு இருந்தா, வாயில வந்ததைச் சொன்னா. அந்த வார்த்தை அவளோடது இல்ல. என்னுது. ஒம்போது வருஷமா எந்த வீட்டுக்குப் போனாலும், "இது யாருப்பா?"ன்னு கேப்பாங்க, நான் மெஷின்ல இருந்து தலையைத் திருப்பாம, "சும்மா, கூட வந்திருக்கும்மா"ம்பேன். நூறு வீடா, ஐநூறு வீடா? அது ஒருத்தருக்கு வலிக்கிற வார்த்தைன்னு எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. நேத்துதான் தெரிஞ்சுது.

டோல்கேட் தாண்டியாச்சா? அடுத்து நான் எந்திரிச்சு நின்னாத்தான் சரியா இருக்கும். இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அவங்க ரெண்டு பேர் கையில குடுக்கணும். குடுக்கிறப்ப பிலோமிகிட்ட ஏதாவது சொல்லணும்னு ஏர்போர்ட்ல இருந்து நினைச்சுக்கிட்டே வர்றேன். வாயில வரமாட்டேங்குது. மன்னிப்புக் கேக்குறதெல்லாம் எங்களுக்குள்ள பழக்கமில்ல, கேட்டா அவ பயந்துருவா, எனக்கு உடம்புக்கு என்னமோன்னு.

நாளைக்கு அவங்களுக்குக் கண்டோன்மெண்ட்ல ஏழு ஜன்னலாம். நானும் வர்றேன்னு சொல்லலாம்னு இருக்கேன். பெருக்குறேன், தூசி பிடிக்கிறேன், என்னமோ ஒண்ணு. யாராவது, "இவர் யாரு?"ன்னு கேட்டா, அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நானே முந்திக்கிட்டு, வயர் பிடிக்க வந்த ஆளும்மான்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன். அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா பாருங்க, அந்த மெஷின்ல வயரே இல்ல.